பிடங்குக்குள் இருந்த பெயர்

சுவிஸின் வில் நகரத்தில் பழம்பொருட்களை ஏலம் போடும் சின்ன நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒன்பது வருடமாக வேலை செய்யும் இரவீந்திரனின் கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எண்பது வருடமாகத் துருப்பிடித்து இறுகிய திருகாணியை, தலையில் ஒரு கீறல்கூட விழாமல் கழற்றுகிற கைகள் அவை. துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த மனிதர். வந்த இடத்தில் அவருக்குச் சோறு போட்டதும் துவக்குத்தான். விதிக்குக் கொழுப்பு கூடினால் இப்படித்தான் விளையாடும்.

அங்கே ஏலத்துக்கு வருபவை உலகப்போர்க் காலத்தில் எல்லையில் நின்ற சுவிஸ் சிப்பாய்களின் துவக்குகள். சேவை முடிந்ததும் சிப்பாய் தன் துவக்கை வீட்டுக்கே கொண்டுபோவது இந்த நாட்டு வழக்கம். அவனுடைய பெயரும் படைப்பிரிவும் ஊரும் எழுதிய சின்ன அட்டை ஒன்று துவக்கின் பிடங்கில், தோளில் அணைக்கும் மரப்பகுதியில், அடித்தகட்டுக்குக் கீழே இருக்கும். துவக்குச் சேகரிப்பவர்கள் உயிரை விடுவது அந்த அட்டைக்குத்தான். அதில் உள்ள பெயரைப் பதிவேடுகளோடு ஒத்துப்பார்த்து வரலாறு எழுதுவது முதலாளி ரூடியின் வேலை. தகட்டைக் கழற்றுவது இரவீந்திரனின் வேலை.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. சில நாட்டுக் குடிமக்கள் சுவிஸில் ஆயுதம் வைத்திருக்கவே கூடாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. இலங்கையும் அதில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே ரூடி, "கன்ரோன் மாநில அரசிடம் விசேட அனுமதி எடுத்தாயிற்று, நீ கவலைப்படாதே" என்று முதுகில் தட்டினார். அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று இரவீந்திரன் கேட்கவில்லை. வேலை தந்த மனிதரிடம் காகிதம் கேட்டால், அவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். இந்தப் பாழாய்ப்போன கூச்சம் நம்மவர்களில் எத்தனை பேரைக் கிணற்றில் தள்ளியிருக்கிறதோ தெரியாது.

மனைவி பவதாரணியும் மகள் சாருஜாவும் எட்டு வருடத்துக்கு முன்பே சுவிஸ் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். இவர் ஜெர்மன் பரீட்சையில் மூன்று தரம் குப்புற விழுந்தார். விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரு வரிசையில் போக, இவர் மட்டும் வேறு வரிசையில் நிற்பார். சாருஜா அந்தப் பக்கம் நின்று கைகாட்டுவாள். அந்த ஒரு கைகாட்டலுக்காகவே ஐம்பத்து நாலு வயதில் மறுபடியும் படித்துப் பாஸ் பண்ணினார். விண்ணப்பம் போட்டார். நகரசபையில் நேர்முகத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

நேர்முகத்துக்குக் கொண்டுபோக முதலாளியின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். அதைக் கேட்கப் போனபோதுதான், அந்த அனுமதியின் பிரதியையும் தாருங்கள் என்று வாய் திறந்தார்.

ரூடி சிரித்தார். "அப்படி ஒன்றுமே இல்லை, ராவி. எடுக்கப் போனால் வருடக்கணக்கில் இழுப்பார்கள். உன் ஒப்பந்தத்தில் மேசை கதிரை மாதிரித் தளபாடம் பொதி கட்டுகிறவன் என்றுதான் இருக்கிறது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?"

இரவீந்திரன் கணக்குப் பார்த்தார். ஒன்பது வருடமாகத் தினமும் சட்டத்தை மீறியிருக்கிறார், தெரியாமலே.

"இனி நான் துவக்கைத் தொடவில்லை" என்றார்.

"சரி. அப்படியானால் உன் கடிதத்தில் நான் என்ன எழுதட்டும்?" என்று ரூடி அமைதியாகக் கேட்டார்.

அடுத்த நாள் காலையில் மேசையில் ஒரு துவக்கு கிடந்தது. இரவீந்திரன் திருப்புளியை எடுத்தார். வேறு என்னதான் செய்வார்?

அந்தக் காலத்தில் நாடறிந்த ஒரு பனிச்சறுக்கு வீரரின் துவக்கு அது என்று கொண்டுவந்தவர் சொல்லியிருந்தார். நொஷாட்டல் நகரில் இருந்து மதாம் ஜக்கோ என்ற முதிய அம்மா அதற்கு ஏற்கெனவே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவும் அந்த வீரரும் ஒரே குளிர்காலத்தில் ஒரே காவலரணில் நின்றவர்களாம். தகடு கழன்றது. உள்ளே இருந்த அட்டையில் பென்சிலால் எழுதியிருந்த பெயர் எர்ன்ஸ்ட் ஏபி. பக்கத்துக் கிராமத்துப் பாலாடைக்கட்டிக்காரர்.

ரூடி அதை வாங்கிப் பார்த்தார். நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். மேசை லாச்சியைத் திறந்து, தேயிலைச் சாயத்தில் பழுப்பாக்கிய இன்னொரு அட்டையை எடுத்து நீட்டினார். அதில் சறுக்கு வீரரின் பெயர் இருந்தது.

"இதை வைத்துப் பூட்டு."

அன்று வீட்டுக்குப் போய் இரவீந்திரன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"இஞ்சரப்பா, நேர்முகத்துக்கு இன்னும் மூண்டு கிழமைதானே கிடக்கு. வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோவன்" என்றாள் பவதாரணி.

"அது பொய், பவா. செத்துப்போன மனிசன்ரை பேரைக் கிழிச்சுப் போட்டார்."

"அந்த மனிசனுக்கு இனி ஒண்டும் தேவையில்லை. பொலிசுக்குப் போனா முதல்ல என்ன கேப்பினம்? துவக்கை ஆர் கழட்டினது எண்டு கேப்பினம். என்ன சொல்லப்போறியள்?"

அவள் கேட்டதில் பிழை இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் இரவீந்திரன் அங்கே இருந்திருக்க வேண்டும். சட்டப்படி அவர் அங்கே இருந்திருக்கவே கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். மறுநாள் அட்டையை வைத்துப் பூட்டினார்.

மதாம் ஜக்கோ பார்வையிட வந்தார். தன் கண்முன்னால் தகட்டைக் கழற்றிக் காட்டும்படி கேட்டார். ரூடிக்குக் கீறல் விழாமல் கழற்றத் தெரியாது. "ராவி, ஒரு நிமிடம்" என்று கூப்பிட்டார். கதிரைகளுக்கு நடுவே நின்ற இரவீந்திரன் வந்து கழற்றினார். பெயரைக் கண்டதும் அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"முதன்முதலில் நீங்கள் திறந்தபோதும் இந்தப் பெயர்தான் இருந்ததா?"

ரூடியை அல்ல, இரவீந்திரனைத்தான் அவர் கேட்டார். ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். பொய்யும் முடியும், எட்டு வருடக் காத்திருப்பும் வீணாகும். விமான நிலையத்தின் அந்தப் பக்கம் நின்று கைகாட்டும் சாருஜா நினைவுக்கு வந்தாள்.

"யா" என்று ஜெர்மனில் ஆமோதித்தார்.

"உங்கள் சொல் எனக்குப் போதும்" என்று மதாம் ஜக்கோ அவருடைய கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். அந்தக் கையை அறுத்து எறிந்தால் என்ன என்று இரவீந்திரனுக்கு இருந்தது.

நேர்முகத்தில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். தளபாடம் பொதி கட்டுகிறேன் என்றார். ரூடியின் கடிதத்தை ஒரு பெண் சத்தமாக வாசித்தார். நேர்மையானவர், நம்பிக்கைக்குரியவர் என்று அதில் எழுதியிருந்தது.

பல மாதங்கள் கழித்துக் குடியுரிமைக் கடிதம் வந்தது. பவதாரணி கேசரி கிண்டினாள். சாருஜா அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. இனி அந்த வேலையை விட்டுவிடலாம், டீட்டிகோன் நகரில் ஏதாவது களஞ்சியத்தில் பெட்டி தூக்கிப் பிழைக்கலாம் என்று அன்று இரவீந்திரன் முடிவெடுத்தார். கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க அடுத்த கிழமை போக வேண்டும். அதற்கு முன் ரூடியிடம் சொல்லிவிடப் போனார்.

ரூடி எழுந்து வந்து கைகொடுத்தார். மேசையில் இரண்டு துவக்குகளும் இரண்டு பழுப்பு அட்டைகளும் தயாராக இருந்தன.

"வாழ்த்துகள், ராவி! பட்டியல் கிட்டியல் எதுவும் இனி உனக்கு இல்லை" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். "மதாம் ஜக்கோ ஏலத்தில் எடுத்த துவக்குக்கு, உள்ளே இருந்த அட்டை அசல்தான் என்ற சான்றுத்தாள் இன்னும் கொடுக்கவில்லை. திறந்து பார்த்தவரின் கையெழுத்து வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதுவரை உன் பெயரைப் போட முடியவில்லை. இனிமேல் போடலாம்."

"நான் வேலையை விடப்போகிறேன்."

"தாராளமாக விடு. அந்த அம்மாவிடம் பொய் சொன்னவன் நீதான் என்பதை மட்டும் மறந்துவிடாதே."

சான்றுத்தாளையும் பேனாவையும் நீட்டினார். இரவீந்திரன் வாங்கினார். சுவிஸ்காரனாக அவர் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.