குடியிருப்பதற்கான அடையாளங்கள்

பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது என்பதைப் பெற்றோரே தெரிவுசெய்யலாமா என்று வெளிநாடுகளில் பெரிய விவாதம் நடக்கிறது. சில ஊர்களில் அரசாங்கமே பெற்றோர் கையில் பள்ளிக் கட்டணத்துக்கான ஒரு சீட்டைக் கொடுத்து, விரும்பிய இடத்தில் சேர்த்துக்கொள் என்கிறதாம். இதை ஆதரித்து ஒரு கட்டுரையும் எதிர்த்து ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் ஒரே ஆள் பாராட்டினார்.

கண்டியில் இந்த விவாதத்துக்கு வேலையில்லை. இங்கே பள்ளிக்கூடத்தைத் தெரிவுசெய்ய முடியாது, விலாசத்தைத் தெரிவுசெய்யலாம். முதலாம் தரத்துக்கு விண்ணப்பிப்பவர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். அதற்குக் காகிதம் வேண்டும். காகிதத்தை நம்பாமல் ஒரு குழு வீட்டுக்கே வந்து பார்க்கும்.

என் வீடு கட்டுகஸ்தோட்டைக்கும் அப்பால். ஆகவே மகனுக்காக, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வீட்டோடு ஒட்டிய சிறு அனெக்ஸை வாடகைக்கு எடுத்தேன். குழு வருகிற அன்று விடியலிலேயே போய், அதில் பல வருடம் வாழ்ந்து முடித்தேன். கதிரையில் ஈரத் துவாய். மேசையில் பாதி கடித்த பாண் துண்டு. கட்டிலுக்கடியில் குப்புறக் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. அந்தச் செருப்பைவிடச் சிறந்ததாக நான் எதையும் எழுதியதில்லை. குழுவின் தலைவர் அதைப் பார்த்ததும் திருப்தியோடு திரும்பிப் போனார். மகனுக்கு இடம் கிடைத்தது.

சில வருடம் கழித்து, பழைய மாணவர் சங்கம் அந்தக் குழுவுக்கு என்னையே அனுப்பியது. மற்றப் பழைய மாணவர்களுக்குப் பார்க்கக் கடை இருந்தது; எனக்குப் பேனா மட்டுந்தான். பள்ளிக்கூடத்து உப அதிபர்தான் தலைவர்; யாழ்ப்பாணத்துக்காரர். இன்னொரு பள்ளிக்கூடத்து அதிபர் அறிக்கை எழுதுவார். நான் மூன்றாவது ஆள்.

நாங்கள் கடைசியாகப் பார்த்தது ஓர் ஒற்றை அறை வீடு. படியேறிப் போக வேண்டும். தாய் ஜவுளிக்கடையில் வேலை. கணவர் கொழும்பில் சமையற்காரர், மாதத்துக்கு ஒருமுறை வருவார். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பம். ஐந்து வயது மகள் தலை வாரி, புதுச் சப்பாத்து போட்டு வாசலில் நின்றாள்.

"வாங்க சார், வாங்க. உக்காருங்க."

சுவருக்கு அந்த வாரம்தான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடுப்பில் கரியில்லை, சாம்பலில்லை. கொடியில் ஒரு துணியில்லை. பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. பிள்ளையின் பொருள் என்று ஒரு பென்சில்கூட இல்லை.

"இஞ்ச சமைக்கிறேல்லையோ?" என்று உப அதிபர் கேட்டார்.

"சமைக்கிறோம் சார். காலையிலகூட ரொட்டி சுட்டேன்."

நான் அடுப்பில் விரலை வைத்துத் தேய்த்து, எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். விரல் சுத்தமாக இருந்தது.

"கண்டியிலேயே சுத்தமான ரொட்டி இதுதான்" என்றேன்.

அதிபர்கள் இருவரும் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று தாயும் சிரித்தாள். தாயைப் பார்த்து மகளும் சிரித்தாள்.

"உடுப்பெல்லாம் எங்க?" என்று உப அதிபர் மறுபடி கேட்டார்.

"நேத்தே பக்கத்து வீட்டுல வச்சிட்டேன் சார். பெரியவங்க வர்ற நேரம் அலங்கோலமா இருக்கக் கூடாதுன்னு."

"ஓம்" என்றார் உப அதிபர். "அப்ப பக்கத்து வீட்டுக்குத்தான் அனுமதி குடுக்கோணும்."

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பொய்க்காரன் யாரும் வீட்டை இப்படி வைத்திருக்க மாட்டான். அதை என்னைவிட நன்றாக அறிந்தவன் கண்டியில் இல்லை. அவள் உண்மையிலேயே அங்கே குடியிருந்தாள். விருந்தாளி வருகிறார் என்று நினைத்து, குடியிருந்ததையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டாள். இதை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சிரிப்பை வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கிற வழக்கம் என் தொழிலில் இல்லை.

படியிறங்கும்போது, "உங்கட கண் பொல்லாத கண்" என்று உப அதிபர் என் தோளில் தட்டினார். அறிக்கையில் மற்ற அதிபர் 'சந்தேகம்' என்று எழுதியிருந்தார். அது சோம்பலான சொல் என்று நான்தான் திருத்தினேன்: 'குடியிருப்பதற்கான அடையாளங்கள் எவையும் காணப்படவில்லை.'

பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயர் வரவில்லை. கம்பளையிலேயே குடியிருக்கும் வியாபாரி ஒருவரின் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அவருடைய வாடகை வீட்டு யன்னலில் பாதி குடித்த பால் கோப்பையும் அதற்குள் ஒரு ஈயும் இருந்தன. ஈயை எப்படி ஏற்பாடு செய்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

மேன்முறையீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் மகளோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். யாரோ வழி சொல்லியிருக்கிறார்கள்.

"சார் இங்கயா இருக்கீங்க? பஸ்ஸுல ரொம்ப தூரமா இருந்துச்சு."

முன்னறையில் என் மகன் அதே பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்து கணக்குச் செய்துகொண்டிருந்தான். அவள் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எதுவுமே பார்க்காதவள்போல் பேசினாள்.

"நாங்க அங்கதான் இருக்கோம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும் சார். நீங்க நேர்ல பாத்தவங்க."

குழுவில் இருந்தவர்கள் கடிதம் கொடுக்கக் கூடாது, சட்டம் அப்படி என்றேன். அப்படி ஒரு சட்டம் இருந்ததில் எனக்கு அன்று ஏற்பட்ட நிம்மதியை எந்த நூலும் தந்ததில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஓர் ஆலோசனை கொடுத்தேன்.

"நீங்க அவ்வளவு சுத்தம் பண்ணியிருக்கக் கூடாது."

"குப்பையா கெடந்தாத்தான் நம்புவீங்கன்னு யாரும் சொல்லலியே சார்."

என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் என் வாக்கியத்தை ஒரு புள்ளிகூட மாற்றாமல் போட்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளைப் பஸ் நிலையத்தில் கண்டேன். ஒளிந்துகொள்ளத் தோதான இடம் எதுவும் இல்லை. மகளை நாத்தனாரோடு கலஹா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பெரியவர் நிக்கிறாரு, வணக்கம் சொல்லு" என்றாள். பிள்ளை யன்னலுக்குள்ளிருந்து கைகூப்பியது.

"தோட்டத்து ஸ்கூல்ல சேத்துட்டோம் சார். நாத்தனார் வீட்டுல இருந்து படிக்கிது. சனி ஞாயிறு மட்டும் எங்கிட்ட வரும்."

பஸ் புறப்பட்டது. அது திரும்பி மறையும்வரை கையை ஆட்டிவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப வந்து பாருங்க சார், நீங்க எழுதினபடியே இருக்கும். பிள்ளையோட சாமான் ஒண்ணும் அங்க இல்ல."

அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்லது" என்றேன்.