தொட்டி நிழல்

சிவகாசியில் தனுஷ்கோடியை மரியாதை இல்லாமல் கூப்பிட ஆளில்லை. பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்கு அவர் அண்ணாச்சி, அவரிடம் அட்டைப்பெட்டி மடிக்கும் பெண்களுக்கு மொதலாளி, பேங்க்கில் சார். 'ஏலே' என்று கூப்பிட்ட அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அண்ணன் சங்கரபாண்டியன். கிழக்கே ஒட்டின வீடுதான். மொட்டைமாடியும் ஒன்றுதான், நடுவில் முழங்கால் உயரச் சுவர்.

அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று அட்டை வெட்டும் கட்டிங் மிஷினைப் பிடித்ததால்தான் தம்பி பத்தாவது வரைக்கும் போனார். பாகம் பிரித்தபோது அந்த மிஷின் தம்பி பங்குக்கு விழுந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

முழுக்க நின்றது என்றும் சொல்ல முடியாது. எல்லாம் ஜாடைப் பேச்சு. தம்பியின் லோடு வண்டி வாசலை மறித்தால் அண்ணன் தன் சைக்கிளைத் திட்டுவார்: "ஒனக்கெதுக்கு ரோடு? பறந்து போ!" தம்பி மாடிக் காக்காயிடம் பதில் சொல்வார்: "இந்தா, வண்டிய எடுத்துருவாக."

கரண்டு பில் ஏற ஏறத் தனுஷ்கோடிக்கு மாடி வெயில்மேல் கண் போனது. இந்தச் சீமையில் வானம் கஞ்சத்தனம் பண்ணாமல் கொடுப்பது அது ஒன்றைத்தானே. லோனுக்கு அலைந்தார், மீட்டருக்கு அலைந்தார். எல்லாம் கைகூடிய பிறகு, சோலார் பேனல் மாட்ட வந்த தருண்குமார் மாடியில் நின்று உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணாச்சி, அந்தத் தொட்டி கெடுத்துரும்."

சுவரோரம் அண்ணன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கறுப்பாக நின்றது.

"காலையில அதோட நிழல் நம்ம பக்கம் விழும். ஒரு பேனல்ல நிழல் விழுந்தா வரிசையே படுத்துரும்."

"வீட்டுல ஒருத்தன் மூஞ்சியத் தூக்கி வச்சா எல்லாரும் படுக்குற மாதிரின்னு சொல்லும்."

"அதேதான். ஆனா கவலைப்படாதீக, உசரமா ஸ்டாண்டு அடிச்சுப் பேனலத் தூக்கிருவோம்."

"வேண்டாம் தம்பி. தொட்டிய நகத்தச் சொல்லி நானே கேக்கேன்."

சொன்ன வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கேட்டால் அண்ணன் திட்டுவார். திட்டினால் 'ஏலே' இல்லாமல் திட்ட அவருக்கு வராது.

"ஒங்க மதினிகிட்ட நான் சொல்லிட்டு வாறேன்" என்றாள் மனைவி பாலம்மாள்.

"நீ சும்மா இரு. இது அண்ணந்தம்பி சமாச்சாரம்."

ஆனால் மனதுக்குள் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் 'அண்ணே' வரைக்கும்தான் வந்தது. அப்படியே நாள் ஓடியது. ஒருநாள் சாத்தூருக்கு லோடு இறக்கிவிட்டு வந்து மாடி ஏறினால், தொட்டியைக் காணோம். இருந்த இடத்தில் ஈர வட்டம். தொட்டி அண்ணன் மாடியின் கிழக்கு மூலைக்குப் போயிருந்தது.

"பிளம்பர் வந்தாரு. பெரியவுக கூடவே நின்னு நகத்துனாக" என்றாள் பாலம்மாள். "தருண்குமார் அன்னைக்குத் தொட்டியப் பத்திப் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டுச்சே."

"என்ன சொன்னாக?"

"பிளம்பர்கிட்டதான் சொன்னாக, 'அங்கன மிஷின் ஓடணும்லா'ன்னு. அதான் காரியம் முடிஞ்சிருச்சே, பெறகென்ன மூஞ்சி சுண்டிக் கெடக்கு?"

பேனல் ஏறியது, மிஷின் வெயிலில் ஓடியது. ஊரில் நாலு பேர் வந்து பார்த்துப் போனார்கள். தனுஷ்கோடிக்குத்தான் 'ஏலே'யைக் கேட்கக் கிடைத்த ஒரே சாக்கும் கைநழுவிப் போனதாக இருந்தது.

காலையில் தொட்டி நிழல் இப்போது அண்ணன் மாடியிலேயே விழுந்தது, மதினி மிளகாய் வத்தல் காயப்போடும் இடத்தில். தனுஷ்கோடி காக்காயைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இங்கன எம்புட்டு எடம் சும்மா கெடக்கு! பேனலுக்கு முன்னால விரிச்சா வத்தல் சுருக்கா காஞ்சிரும்."

மறுநாள் தனுஷ்கோடியின் மாடியில் பழைய சேலை ஒன்று, அது நிறையச் சிவப்பு.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறலில் தெருவில் புழுதி வாசம் கிளம்பியது. வெயில் போனால் மீட்டர் ஏறுமே என்று தனுஷ்கோடி மிஷினை நிறுத்தினார். அந்த அமைதியில், சைக்கிள் மணியோடு வாசலில் ஒரு குரல்:

"ஏலே! ஏலே தனுசு! வத்தல் நனையுதுலே!"

அவர் கை சுவிட்சிலேயே இருந்தது.

பாலம்மாள் மாடிப்படிக்கு ஓடினாள். "ஏங்க, காது கேக்கலையா? பெரியவுக கூப்புடுதாக!"

"கேக்குது" என்றார் தனுஷ்கோடி, அசையாமல். "இன்னொருக்கா கூப்புடட்டும்."