அமிர்தம் கேட்காமல் விட்ட பாதை

தெற்குத் தெருவில் யார் செத்தாலும் பாடை வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஊர்த்தெருவின் சுடுகாட்டுக்குத் தார்ரோடு போட்டாயிற்று; தலித் மக்களின் சுடுகாட்டுக்கு இன்றைக்கும் வரப்புதான். அடைமழையில் அதுவும் தண்ணீருக்குள் போய்விடும். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் சமுதாயக்கூடம் கட்டித் தருவதாகச் சொன்னார்களே தவிர, பாதையைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விட்டதில்லை.

இந்தத் தேர்தலில் தெரு கூடிப் பேசியது. ஆரத்தி எடுக்கும்போது அமிர்தம் வேட்பாளரிடம் நேருக்கு நேர் பாதையைக் கேட்டுவிட வேண்டும். கூலி குறைந்தால் மிராசுதாரையே வரப்பில் நிறுத்திக் கேட்கிறவள் அவள். படுக்கையில் கிடந்த மாமனார் இளையபெருமாளும் கூப்பிட்டுச் சொன்னார்: "என்னையாவது சேத்துல எறக்காம கொண்டுபோகட்டும். கேட்டுடும்மா."

வேன் வந்தது. அமிர்தம் ஆரத்தி சுற்றி முடித்து வாயைத் திறப்பதற்குள், நாத்தனார் கையிலிருந்த அமிர்தத்தின் குழந்தையை வேட்பாளர் வாங்கிக்கொண்டார். கல்யாணமாகிப் பல வருஷம் ஊர் வாயில் விழுந்து எழுந்தபின் பிறந்த பிள்ளை. மைக்கில் 'பிரகதீஸ்வரி' என்று பெயர் வைத்தார். தெருவே கைதட்டியது. அமிர்தத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைக்குப் பேர் வைத்த மனுஷனிடம் அந்த நிமிஷமே ஒன்றைக் கேட்பதா என்று கூச்சம் வந்துவிட்டது. பாழாய்ப்போன கூச்சம், அன்றைக்கென்று பார்த்தா வர வேண்டும்? வேன் கிளம்பிப் போய்விட்டது.

என்ன சொன்னார் என்று கேட்டவர்களுக்கும் மாமனாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். கேட்டாளாம், பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம். கிழவர் முகம் தெளிந்தது.

கார்த்திகை மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். தெருக்கோடியில் பெண்களோடு நின்று அமிர்தம் பார்த்தாள். முழங்காலளவுத் தண்ணீரில் ஒருவர் கால் வழுக்க, பாடை சரிந்து கிழவரின் தலைப்பக்கம் சேற்றில் முங்கி எழுந்தது. சம்பாப் பயிர் மிதிபடுகிறதென்று வயல்காரர் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது சாவுக்காக மட்டும் இல்லை.

ஜெயித்த வேட்பாளர் துக்கம் கேட்க வந்தார். குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். இப்போது அமிர்தம் பாதையைக் கேட்டாள், எல்லோர் முன்னாலும்.

"தேர்தலப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் அவர்.

சொல்லியிருந்தால் செய்திருப்பாரா, யார் கண்டது. மொட்டைத் தலையோடு பக்கத்தில் நின்ற கணவன் மருதையன் அவரைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தான்.

"கேட்டேன்னு சொன்னியே அமிர்தம். அப்பா அதை நம்பிக்கிட்டுத்தானே போனாரு."