தறப்பாளுக்குள்ள வந்த வெயில்

சண்டை முடிஞ்சு மீள்குடியேறின காலத்தில எங்களுக்கு வீடு எண்டு இருந்தது ஒரு பழைய வேன். முசலிப் பக்கம் இருந்த வீடு எரிஞ்சு அத்திவாரம் மட்டும் மிச்சம். வேனில சீற்றுகளைக் கழட்டிப் பலகை அடிச்சுப் படுத்தனாங்கள். மீன் எந்தக் கரையில படுதோ, அந்தக் கரைக்கு வீடும் வரும்.

மனிசிக்கு மூச்சு இழுப்பு. மண்ணெண்ணெய் விளக்குப் புகை அவளுக்கு ஒத்துக்கொள்ளேல்ல. கூரையில சோலார் பூட்டி ஒரு லைற்றும் சின்ன ஃபானும் போடுவம் எண்டன்.

அவள் விடேல்ல.

"ஒரு வீடு எரிஞ்சு பாத்தாச்சு. தலைக்கு மேல வயர் ஓடினால் நான் மணலிலதான் படுப்பன்."

"எரியாமப் போடுவன்."

"உங்கட வள்ளத்து வயரைப் பாத்தனான்தானே. கருவாடு கோத்த மாதிரி."

அது உண்மை. வள்ளத்தில பற்றறியில இருந்து நேர லைற்றுக்கு இழுப்பம். பியூஸ் கிடையாது. நெருப்புப் பிடிச்சால் குதிக்கக் கடல் இருக்கு. வேனுக்குள்ள அவள் நித்திரையா இருப்பாள்.

அதால எல்லாம் ஆறுதலாச் செய்தன். சோலார் பனலுக்கு இரும்புச் சட்டம் அடிச்சு, கீழ காத்துப் போக இடைவெளி விட்டு, போல்ற் போட்டு இறுக்கினன். கூரையில துளைச்ச ஓட்டையின்ர தகர விளிம்பு கத்தி மாதிரி. வேன் ஆட ஆட வயரை அறுக்கும். பழைய செருப்பை வெட்டி ரப்பர் வளையம் வைச்சன். பற்றறியைப் படுக்கைக்கு வெளியில, காத்துப் போற பெட்டிக்குள்ள வைச்சு, பக்கத்திலயே பியூஸ் போட்டன்.

சோலார் வித்த மன்னார்க் கடைக்காரன் சொல்லித்தான் விட்டவன். "வெயிலில பனல் சும்மா கிடக்காது அண்ணை, கரண்ட் வந்துகொண்டே இருக்கும். மூடிப்போட்டு வயரைப் பூட்டுங்கோ. சார்ஜ் பெட்டியில முதல் பற்றறி வயரைக் கொழுவுங்கோ, கடைசியாப் பனல் வயரை."

முகாமில கூடாரம் அடிக்கத் தந்த வெள்ளைத் தறப்பாளை எடுத்துப் பனலுக்கு மேல விரிச்சுக் கட்டினன். பற்றறி வயரைச் சார்ஜ் பெட்டியில பூட்டினன். பனல் வயர் ரெண்டையும் கையில எடுக்க முனை ஒண்டோட ஒண்டு முட்டிச்சு. பட்டெண்டு பொறி பறந்தது.

மீன் வெட்டின கத்தியோட அவள் ஓடி வந்தாள்.

"இதுதானோ எரியாத வயர்?"

"மூடித்தானே கிடக்கு!"

அவள் கூரையைப் பாத்தாள். சிரிச்சாள்.

"இஞ்சேரப்பா, அந்தத் தறப்பாளுக்குள்ள இருந்துதானே அவ்வளவு காலமும் அரிசியில கல்லுப் பொறுக்கினனான். உள்ளுக்கு இருட்டாவோ இருந்தது?"

இருட்டா இல்லை. உச்சி வெயில் அப்பிடியே உள்ளுக்கு வரும். அதுக்குள்ள வெந்தனாங்கள். ஆனால் மூடுறதெண்டால் எங்கட கை தறப்பாளுக்குத்தான் போகும். வேற என்ன இருந்தது எங்களிட்ட?

அவளே தன்ர தடிச்ச கறுப்புப் போர்வையை நாலா மடிச்சுக் கொண்டுவந்தாள். தறப்பாளைக் கழட்டிப்போட்டு அதை விரிச்சன். கரண்ட் பாக்கிற மீற்றரை வைச்சுப் பாத்தன். முள்ளு அசையேல்ல. ஒரு வயர் முனைக்கு ஒட்டுற ரேப் சுத்திவிட்டு மற்றதைப் பூட்டினன். பிறகு ரேப்பைக் கழட்டி அதையும் பூட்டினன். போர்வையை இழுத்தன். பெட்டியில பச்சை லைற் பத்திச்சு.

பின்னேரம் வரை ஃபானை ஓடவிட்டன். அவள் கூரையில இருந்து பற்றறி வரைக்கும் வயரைத் தடவிக்கொண்டு வந்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் பாக்கிற மாதிரி. திரும்பவும் ஒருக்காத் தடவினாள்.

"சூடில்லை."

பொழுது படேக்க, நான் வயர் இழுக்கத் தொடங்கினவுடன வெளியில கொண்டுபோய்ப் போட்ட தன்ர பாயை மணல் போக உதறினாள். வேனுக்குள்ள கொண்டுவந்து வயருக்கு நேர கீழ விரிச்சாள்.

"ஃபானை இஞ்சால திருப்பிவிடுங்கோ" எண்டாள்.