இது எந்தச் செரிங்க?

இலங்கையோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வரப்போகிறது என்று தொண்ணூறுகளின் கடைசியில் பேச்சு அடிபட்டது. வால்பாறையில் எங்கள் முதலாளியின் தேயிலை எஸ்டேட்டுக்கு நான் மேனேஜர். சிலோன் தேயிலை சல்லிசாக வந்திறங்கினால் எங்கள் தேயிலையை யார் சீந்துவார்கள்? எஸ்டேட்டை விற்றால் முதலில் வீட்டுக்குப் போவது நான்தான்.

கருத்துக் கேட்க டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி கோயமுத்தூர் வந்தார். ஹோட்டல் ஹாலில் கூட்டம். முதலாளி விளாசித் தள்ளுவார் என்று நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க சார், எங்க வயித்துல அடிக்காதீங்க. இந்த ஒப்பந்தமே வேண்டாமுங்க."

அதிகாரி தமிழிலேயே பதில் சொன்னார், எங்கள் வட்டார வாடை இல்லாமல். "பக்கத்து நாட்டை நாம சேத்துக்கலைன்னா வேற யாராவது சேத்துக்குவாங்க."

"செரிங்க."

"தேயிலை இவ்வளவுதான் வரலாம்னு அளவு வச்சிடுவோம்."

"செரிங்க."

"பதிலுக்கு உங்க பம்ப்செட்டுக்கு அங்கே வரி குறையும்."

"செரிங்க, செரிங்க!"

அடப்பாவி மனுஷா! சிங்காநல்லூரில் முதலாளிக்கு பம்ப்செட் கம்பெனியும் உண்டு.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னங்க மொதலாளி, எல்லாத்துக்கும் செரின்னுபோட்டீங்க?"

"எதுக்கால இருக்கறவரு பேசறப்ப செரிங்கன்னு சொல்றதில்லீங்களா? காதுல உழுந்துச்சுன்னு அர்த்தமுங்க. ஒத்துக்கிட்டேன்னா சொன்னேன்?"

டெல்லிக்காரருக்கு இந்த வியாக்கியானம் எங்கே தெரியப்போகிறது? ஓடிப்போய்க் கார்க் கதவருகே மறித்து விளக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹாலில் டெல்லி மிடுக்கோடு பேசியவர் சட்டென்று எங்கள் பேச்சுக்கு மாறினார்.

"நானும் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கந்தானுங்க. மொத ரெண்டும் வெறும் செரிங்க. கடைசில சொன்னது அப்படியில்லீங்க. எதுக்கறவங்க ஊட்டுக்குள்ளயே வேணுங்கறவங்களும் இருக்கறாங்க. சத்தம் போடறவங்களுக்குத் தேயிலைல ஒரு அளவு வச்சுப்போட்டு, கையெழுத்துப் போட வேண்டீதுதான்."

அப்படியே போட்டார்கள். எதிர்ப்பு காதில் விழாமல்தான் அரசாங்கம் கையெழுத்துப் போடுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். நன்றாகவே விழுகிறது. கூட்டத்தில் வாயால் எதிர்த்துக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பவன் யார் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி காந்திபுரம் ஆபீசுக்குக் கூப்பிட்டார். "எஸ்டேட்டைக் குடுத்துப்போடலாம்னு இருக்கறனுங்க. கொழும்புல பம்பு விக்க ஆள் வேணும். நீங்க போறீங்களா?"

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மலையை விட்டு இறங்க மனமே இல்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"செரிங்க" என்றேன்.

முதலாளி என் முகத்தையே பார்த்தார்.

"ஏனுங்க மேனேஜர், இது எந்தச் செரிங்க?"