ஒரு மாடிக்கு இரண்டு கடிதங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா ஒரு கடிதத்தோடு வந்தார். பிரதேச சபையிலிருந்து வந்த நோட்டீஸ். அனுமதி இல்லாமல் கட்டிய மேல்மாடிக்குப் பதினான்கு நாளுக்குள் விளக்கம் தரவேண்டும், தராவிட்டால் உடைக்கப்படும் என்று சிங்களத்தில் இருந்தது.

"தங்கச்சி, இதுக்கு நல்லா ஒரு பதில் எழுதித் தாங்க. ஒங்கட கையால எழுதினா அவங்க கேப்பாங்க."

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். வாசிப்பதுபோல் பாசாங்கு செய்தேன் என்று சொல்வதுதான் சரி. ஏனென்றால், அந்த நோட்டீஸ் வரக் காரணமான முறைப்பாட்டை எழுதியதே நான்தான்!

திருதிருவென்று முழித்துவிட்டு, "உக்காருங்க ராத்தா, டீ போடுறேன்" என்றேன்.

"நோன்பு தங்கச்சி."

பக்கத்து வீட்டில் நோன்பு நடப்பதுகூட மறந்துபோகிற அளவுக்கு எனக்கு மூளை கலங்கிவிட்டது.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

கண்டியிலிருந்து குண்டசாலைக்குப் போகிற வழியில், ஒரு சரிவில் இருக்கிறது எங்கள் லேன். ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். ராத்தாவின் வீட்டுக்கு நேர் கீழே பியசேன மாத்தயா. சிங்களவர், ஓய்வுபெற்ற தபால்காரர். நானோ முப்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் சிங்களத்தில் கடிதம் எழுதியே தேய்ந்தவள். அதனால் லேனில் யாருக்கு என்ன கடிதம் வேண்டுமென்றாலும் என் கேட்டைத்தான் தட்டுவார்கள். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அங்கே ஒருவரும் வாசிப்பதில்லை... என் கடிதங்களுக்கு மட்டும் ஏக மரியாதை.

கண்டியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் பாருங்கள் — வீட்டுக் கூரைக்கு மேலே தூண்களின் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். என்றைக்காவது இன்னொரு மாடி போடலாம் என்று விட்டு வைத்த கம்பிகள். ராத்தாவின் வீட்டில் அப்படிப் பன்னிரண்டு வருஷமாக எட்டுக் கம்பிக் கட்டுகள் பொலித்தீன் சுற்றி நின்றன. அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ராத்தாவுக்கு ஒரே மகள், ஷிஃபானா. மாப்பிள்ளையும் வந்தார், ஆறு மாதம் இருந்தார், பெண்ணைக் கூட்டிக்கொண்டு மெல்பர்னுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் ஒரேயடியா வாறோம் உம்மா" என்றுதான் பேச்சு.

இந்தத் தடவை, "பெருநாளோட வந்துடுவோம்" என்றாளாம். அவ்வளவுதான்! ராத்தா மேசன் பாஸைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டே மாதத்தில் மேலே இரண்டு அறை, ஒரு பாத்ரூம், முன்னால் பல்கனி. பிளான் பாஸ் பண்ணப் போனால் பெருநாள் போய்விடும் என்று அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் மழைத்தண்ணீர் யாருடைய பெருநாளுக்காகவும் காத்திருக்காதே. புதுக் கூரைத் தண்ணீரை வாங்கி இறக்கப் பீலி இல்லை. தண்ணீர் முழுக்க பியசேன மாத்தயாவின் குசினிக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் கொட்டியது. மலைநாட்டில் மண்சரிவு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வானம் இருட்டினாலே எங்கள் லேனில் யாருக்கும் சோறு தொண்டையில் இறங்காது.

"மிஸ், மூன்று தரம் போய்ச் சொன்னேன். பெருநாளுக்குப் பிறகு பீலி போடுகிறேன் என்கிறார். மேடு அதுவரைக்கும் நிற்குமா?" என்று சிங்களத்தில் கேட்டார் மாத்தயா. நியாயமான பயம்தானே?

எழுதினேன். ஐந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. பக்கத்து வீடு அல்லவா, முகத்தில் விழிக்க வேண்டுமே... கந்தோர்ப் புத்தி!

எழுதியதாவது சுமாராக எழுதித் தொலைத்தேனா? அதுவும் இல்லை. சரிவு, வெடிப்பு, உயிராபத்து என்று பேனாவை நன்றாகவே ஓடவிட்டேன். இத்தனை வருஷமாக இந்தப் பத்தியில் தெருவிளக்கைப் பற்றி எத்தனை தடவை எழுதியிருப்பேன்? ஒரு பல்பு மாறியிருக்குமா? அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒன்பதாவது நாளே நோட்டீஸ்.

பதில் எழுதித் தருகிறேன் என்று ராத்தாவை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பேனாவைத் திறக்கவில்லை, வட்சப்பில் ஷிஃபானா.

"ஆன்ட்டி, உம்மா ஒங்கள்ட்ட லெட்டர் ஒண்டு எழுதக் குடுத்தாங்களாம்?"

"ஆமா மகள். எழுதத்தான் உக்காந்திருக்கேன்."

"கொஞ்சம் லேசா எழுதுங்க ஆன்ட்டி."

"லேசான்னா?"

மெதுவாகச் சொன்னாள். "எங்களுக்கு இங்க நிரந்தரமா ஈக்க பி.ஆர். கெடச்சி ஒரு வருஷமாகுது. வீடும் பாத்தாச்சி. இந்தப் பெருநாளைக்கும் வரமாட்டோம். இனி வந்தாலும் லீவுக்குத்தான். உம்மாட்ட செல்ல வாய் வரல்ல ஆன்ட்டி. ஒவ்வொரு நாளும் போனை மேல கொண்டு போய், இது ஒன்ட ரூம், இது புள்ளைகள்ட ரூம் எண்டு காட்டுறாங்க. சபை ஒடைக்கச் சொன்னா... நான் ஒண்டும் செல்லத் தேவல்லதானே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உம்மாகிட்ட நீங்க சொல்ல வேண்டியத சபைக்காரங்க கடப்பாரையோட வந்து சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். பிறகு எனக்கும் மனசு கேட்கவில்லை. ஏதோ சமாதானம் சொல்லி போனை வைத்தேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். லேசாக எழுதினால் மாடி போகும், மண்மேட்டுப் பயம் போகும், மகளின் சங்கடமும் போகும். நன்றாக எழுதினால்... யாரும் வராத ஒரு மாடி நிற்கும். எதை எழுதுவது?

மறுநாள் காலை வெறும் தாளோடு ராத்தா வீட்டுக்குப் போனேன். என் பங்குக் குற்றத்தையாவது ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் மேலேதான் இருந்தார். நோன்பு வாயோடு வாளியில் தண்ணீர் சுமந்து, புதுச் சீமெந்துத் தரைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். பூச்சு முடியாத அறைதான். ஆனால் ஜன்னலுக்குப் பச்சை நிறத்தில் கேட்டின் துணி போட்டாயிற்று. அதை விலக்கினால் எதிரே ஹந்தானை மலை.

"ராத்தா, அந்தப் பெட்டிசத்த எழுதினது நான்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"தெரீம்."

"தெரியுமா?"

"சபைக்குப் போன நேரம் காட்டினாங்க. பியசேன மாத்தயாக்கு அவ்வளவு படிச்ச சிங்களம் வருமா? வாசிச்சிச் செல்லக்கொள்ள எனக்கே பயம் வந்துட்டு, என்ட வீட்டப் பத்தி!" என்று சிரித்தார். "கோவம் வராம இல்ல. ரெண்டு நாள் ஒங்களுக்கு நோன்புக் கஞ்சி வரல்லதானே?"

வரவில்லைதான். கஞ்சி சீக்கிரம் தீர்ந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்!

"பொறகு யோசிச்சேன். தண்ணி விழுறது உண்மதானே? மாத்தயாவும் மனிசன்தானே? என்ட அவசரத்துல எனக்கு அது வெளங்கல்ல. ஒடைக்கச் செல்லி அவ்வளவு நல்லா எழுதின ஆளுக்கு, ஒடைக்காம ஈக்கவும் எழுத ஏலும்தானே. அதான் ஒங்கள்ட்டயே வந்தேன்."

ஷிஃபானா சொன்னதை என் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன். "ராத்தா, மகள் ஒரேயடியா வந்து இருப்பாளா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "வரமாட்டா."

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"பெத்தவளுக்குச் சத்தத்துல தெரியாதா தங்கச்சி? வாறோம் உம்மா எண்டு செல்றா. எந்தத் தேதி, எந்த பிளேன் எண்டு செல்றால்ல. நானும் கேக்கல்ல."

"அப்ப எதுக்கு ராத்தா இவ்வளவு பாடுபட்டுக் கட்டுறீங்க?"

"ஒரு நாளைக்கி அவக்கு மனசு வரும். அண்டைக்கி, உம்மாட வீட்டுல எடமில்லயே எண்டு நிண்டுடப்படாது. எடமில்லாம வராட்டி அது என்ட குத்தம். எடம் ஈந்தும் வராட்டி... அது அல்லாஹ்ட நாட்டம்."

சொல்லிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் பொய்.

ஏனென்றால், நானும் என் வீட்டில் அனுமதி இல்லாமல் ஒரு வேலை பார்த்தவள். மகன் கல்யாணம் முடித்துக் கொழும்போடு இருந்துவிட்டான். அவனுடைய அறை சும்மாதானே கிடக்கிறது என்று சுவரை உடைத்து முன்பக்க ஹோலைப் பெரிதாக்கினேன். உள்ளே உடைப்பதை யார் கேட்கப்போகிறார்கள்? போன தீபாவளிக்கு மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். பையைத் தூக்கிக்கொண்டு நேரே தன் அறைக்குப் போகிற பக்கம் நடந்தவன், பாதியில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, என் ரூம் எங்க?"

"ஹோல் எவ்வளவு பெருசாயிருச்சு பாத்தியா? நல்லாக் காத்து வருது!" என்றேன் பெருமையாக. பின்னேர ரயிலிலேயே திரும்பிப் போய்விட்டார்கள். கைப்பிள்ளையோடு ஹோலில் படுக்க முடியாதாம். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் "அவனுக்கு எங்க நேரம்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். மெல்பர்ன் எங்கே, கொழும்பு எங்கே... மூன்று மணித்தியாலப் பயணம்! அவன் பால்பல் விழுந்ததும் காய்ச்சலில் படுத்ததும் அந்த அறையில்தான். அதை உடைக்கும்போது ஒரு வார்த்தை அவனிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயே, அந்தச் சீமெந்து மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினேன். லேசாக எழுதவில்லை. முதல் வரியிலேயே பிழையை ஒப்புக்கொண்டோம். பீலி உடனே போடப்படும், எல்லையைத் தாண்டும் பல்கனியை ராத்தாவே அகற்றிக்கொள்வார், முறைப்படி பிளான் கொடுப்பார் என்று எழுதினேன். வாசித்துக் காட்டியபோது பல்கனி என்ற இடத்தில் மட்டும் ராத்தா பெருமூச்சு விட்டார். பிறகு "ஓம், எழுதுங்க" என்றார். பியசேன மாத்தயாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்து, பீலித் தண்ணீர் லேன் ஓரத்துக் கானில்தான் விழவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் தானும் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை நானும் போட்டேன்.

ஷிஃபானாவுக்கு, "உம்மாவுக்கு எல்லாம் தெரியும். நீங்களே கதைங்க" என்று மெசேஜ் அனுப்பினேன். அன்று நோன்பு திறக்க முன்னால் இருவரும் வெகுநேரம் கதைத்தார்களாம். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையிலும் மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை சபையிலிருந்து தொழில்நுட்ப அதிகாரி வந்தார். இளம் பெண். டேப் போட்டு அளந்தார். பல்கனி உடைந்திருந்தது, பீலி ஏறியிருந்தது. பிளான் வரும்வரை மற்றதை உடைக்க மாட்டோம், ஆனால் மேற்கொண்டு ஒரு கல்கூட வைக்கக்கூடாது என்றார். எழுதிக்கொண்டே, "மேலே யார் இருக்கப் போகிறார்கள்?" என்று கேட்டார்.

"மகள்" என்றார் ராத்தா. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

அதிகாரி புறப்படும்போது கேட் வரை பின்னாலேயே ஓடினேன். "மிஸ், வீட்டுக்குள்ளே உடைத்த ஒரு சுவரைத் திரும்பக் கட்டுவதற்கும் அனுமதி எடுக்க வேண்டுமா?"

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துத் தந்தார். நேற்று நிரப்பினேன். பெயர், விலாசம், அளவு எல்லாம் எழுதியாயிற்று. 'நோக்கம்' என்ற இடத்தில், 'மகன் வந்தால் தங்குவதற்கு' என்று எழுதினேன்.

எப்போது வருவான் என்று படிவத்தில் எங்கேயும் கேட்கவில்லை... புண்ணியவான்கள்!