கயிற்றின் மேல்முனை

படுக்கும் முன் விரலில் கயிறு சுற்றிக்கொள்வாள். கப்பல் அடுமனையில் கேக் பெட்டிகளைக் கட்டும் மெல்லிய கயிறு. ஒரு முனை மேல்படுக்கையில் இவள் சுட்டுவிரலில்; கட்டில் சட்டத்தின் ஓரமாக இறங்கும் மறுமுனை கீழ்ப்படுக்கையில் ரொட்டி அக்காவின் மணிக்கட்டில். ஒரு காதில் மட்டும் பஞ்சை அடைத்துக்கொண்டு, "அக்கா, தூங்கலாம்" என்பாள். அதற்குள் கீழே குறட்டை ஆரம்பித்திருக்கும்.

கப்பலில் எல்லோரும் இவளைக் 'கம்பளம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். உல்லாசப் பயணிகள் உறங்கும் நேரத்தில் தாழ்வாரங்களிலும் சாப்பாட்டுக் கூடங்களிலும் இயந்திரத்தை உருட்டிக் கம்பளங்களைச் சுத்தம் செய்வது வேலை. காபிக் கறையா, ஒயின் கறையா, குழந்தை கக்கியதா என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். முழங்கால் இரண்டும் காய்த்துக் கிடக்கின்றன. பயணிகள் காலைச் சாப்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு இறங்கி வரும்போது இவளுக்கு ராத்திரி தொடங்கும்.

அந்த ராத்திரி, நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில். இரண்டடுக்குக் கட்டில்கள் இரண்டு. நான்காவது படுக்கைக்கு ஆளில்லை. இரவு வேலை பார்க்கும் மூன்று பெண்களின் பெட்டிகளும் அங்கே குடியிருக்கின்றன. எதிர்க்கட்டிலில் படுக்கும் சலவைக்காரி மூக்கால் சீட்டியடிப்பாள், கொதிக்கப்போகிறேன் என்று மிரட்டிக்கொண்டே இருந்து கடைசிவரை கொதிக்காத கெட்டில் மாதிரி. அதை மழைச் சத்தம்போலப் பழகிக்கொள்ளலாம். ரொட்டி அக்காவினுடையது வேறு ரகம். நங்கூரச் சங்கிலி இறங்குவதுபோலத் தொடங்கி, தொண்டையில் எங்கோ சிக்கி, திமிறி விடுபட்டு, மறுபடி இறங்கும். இரும்புச் சட்டம் வழியாக ஏறி வந்து மேலே படுத்திருப்பவளின் பல்லில் அதிரும்.

ஆரம்பத்தில் கம்பளம் செய்யாத வைத்தியம் இல்லை. பஞ்சு வைத்தாள், தலையணையைக் காதோடு சேர்த்துக் கட்டினாள், சலவை அறைக்குப் போய் அழுக்குத் துண்டு மூட்டைகளின்மேல் படுத்துத் திட்டு வாங்கினாள். யாரோ சொன்னார்களென்று அக்காவின் பனியன் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்தாள். மல்லாந்து படுக்க முடியாதாம். அக்கா பந்தின்மேலேயே மல்லாந்து, வழக்கத்தைவிட உயரமாகக் குறட்டை விட்டாள்.

"நீ கும்பகர்ணனோட தங்கச்சிதான் அக்கா" என்பாள் சலவைக்காரி.

"அவளுக்கு மூக்கே இல்லடி. எனக்கு இருக்கு, அதான் சத்தம் வருது."

அக்கா அப்படித்தான். அடுமனையில் மாவு பிசைந்து பிசைந்து உரல்போல் ஆன தோள்கள். புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு. ஊரில் சொந்தமென்று ஒரு தம்பி குடும்பம். விடுமுறைக்குப் போனால் கூடத்து நாற்காலிகளை நகர்த்தித்தான் இவளுக்குப் படுக்கை போடுவார்கள். நான்காவது நாளே அந்த நாற்காலிகள் முனகத் தொடங்கிவிடும். "எனக்குன்னு ஒரு படுக்கை இருக்கறது இந்தக் கப்பல்லதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

கயிறு அக்காவின் யோசனைதான். "சத்தம் வந்தா இழுடி. மாடு மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறேன்." கொஞ்ச காலம் அது வேலை செய்தது. சத்தம், இழுப்பு, ஒரு புரளல், இரண்டு பேருக்கும் தூக்கம்.

பிறகு ஒரு நாள் இழுக்காமலே சத்தம் நின்றது. அப்பாடா என்று கம்பளம் கண்ணை மூடினாள். அப்படி ஓர் அமைதி அந்த அறைக்கு வந்ததே இல்லை. அதை ருசித்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு மெல்ல உறைத்தது: கீழே மூச்சும் இல்லை. தாறுமாறாகக் கயிற்றை இழுத்தாள். தண்ணீரிலிருந்து தலை தூக்கியவள்போல அக்கா 'ஹக்' என்று காற்றை அள்ளினாள். உடனே திட்டினாள்.

"ஏண்டி பிடுங்கற? இப்பத்தான கண்ணசந்தேன்."

"மூச்சு நின்னு போச்சுக்கா."

"என் மூச்சு நின்னா எனக்குத்தானடி முதல்ல தெரியணும்? உனக்கு எப்படித் தெரியும்?"

 டாக்டரிடம் போகலாம் என்றாள் கம்பளம். அதற்கு மட்டும் அக்கா சிரிக்கவில்லை. சென்ற பருவத்தில் ஒரு சமையல்காரருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு என்று கப்பல் டாக்டர் எழுதினார். அடுத்த துறைமுகத்திலேயே பெட்டியோடு இறக்கிவிட்டார்கள். "நீ டாக்டர் வாசப்படி மிதிச்சேன்னா அன்னிக்கே நம்ம உறவு அறுந்துச்சு. பாத்துக்க."

அன்றிலிருந்து கயிற்றின் வேலை தலைகீழானது. இப்போதெல்லாம் சத்தத்துக்கு இழுப்பதில்லை. சங்கிலி இறங்கிக்கொண்டிருக்கும்வரை நிம்மதியாக அரைக்கண் மூடிக் கிடப்பாள், நின்றால் விழிப்பாள். முன்பு குறட்டையால் தூக்கம் போயிற்று, இப்போது குறட்டை நின்றுவிடுமோ என்று தூக்கம் போகிறது. கண்ணுக்குக் கீழே கருவளையம் தொங்கியது. ஒரு தடவை இயந்திரத்தைப் பிடித்தபடியே தூங்கி, பூச்சாடி மேடைமேல் ஏற்றினாள்.

மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். "கம்பளத்தைத் தொடைக்கச் சொன்னா அதுமேலேயே படுத்துக்குவ போலிருக்கே? என்னம்மா இது?" கேட்டதென்னவோ அதட்டலாகத்தான். ஆனால் இவள் எப்போதோ கொடுத்து மறந்துபோன அறை மாற்ற விண்ணப்பத்தைத் தேடியெடுத்து, புது அறையின் சாவி அட்டையை நீட்டினார். "நாளன்னிக்கு மாறிக்க. நூலகத்துப் பொண்ணோட அறை. தூங்கினா ஆள் இருக்காளான்னே தெரியாது, அவ்வளவு சத்தமில்லாதவ. இனிமே தூங்கலைன்னு எங்கிட்ட வராத."

சொல்லாமல் போக மனசு வரவில்லை. சொன்னாள். அக்கா மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போறவளுக்கு எதுக்குடி கயிறு? நல்லதாப் போச்சு. நீ இழுத்த இழுப்புல என் கை ஒரு முழம் நீண்டுபோச்சு."

அன்று பகல் முழுவதும் கம்பளம் கட்டில் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தாள். கையில் கயிறில்லை. கைபேசியைக் கீழே தாழ்த்திப் பிடித்து அக்காவின் குறட்டையைப் பதிவு செய்தாள்.

மாலையில் ஊழியர் சாப்பாட்டு அறையில் அக்காவின் எதிரே உட்கார்ந்து, அதை ஓடவிட்டாள். முதல் சங்கிலி இறங்கியதும் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அய்யய்யோ, நானா? அடிப்பாவி, இது கப்பல் எஞ்சின் சத்தம்." சலவைக்காரியின் சீட்டி ஊடே வர, மேசையைத் தட்டினாள். "கச்சேரியே நடத்தறோம் பாரு!"

சத்தம் நின்றது. அக்கா சிரிப்பு மிச்சமிருந்த முகத்தோடு நிமிர்ந்தாள்.

"அவ்வளவுதானா? முடிஞ்சுதா?"

"முடியலைக்கா. ஓடிட்டிருக்கு."

அக்கா திரையைப் பார்த்தாள். கோடு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து மேசையில் தட்டுகள் கலகலத்தன. சலவைக்காரியின் சீட்டி மட்டும் தொலைவில் கேட்டது. தன்னை அறியாமல் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்து, உதடு வெளுத்து, தாங்கமாட்டாமல் விட்டுவிட்டாள். மறுபடி ஒருமுறை இழுத்து விட்டாள். கைபேசியில் இருந்தவள் இன்னும் விடவில்லை. அப்புறம்தான் கம்பளத்தின் அலறல், "அக்கா! அக்கா!", கட்டில் சட்டத்தை அறையும் சத்தம், அந்த 'ஹக்'.

அக்கா கைபேசியை சாப்பிட்ட கையோடு எடுத்து, ஏப்ரனில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இல்ல."

"காட்டாத."

"செத்துப் போயிடுவக்கா."

"இறக்கிவிட்டா மட்டும் என்னவாம்?" என்றபடி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாதித் தட்டு அப்படியே இருந்தது.

மறுநாள் காலை வேலை முடித்துக் கம்பளம் அறைக்கு வந்தபோது, மாறுவதற்காகக் கட்டிவைத்த அவள் பெட்டி கதவோரம் நின்றது. சலவைக்காரி சீட்டியடித்துக்கொண்டிருந்தாள். அக்கா சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தாள். அவள் மணிக்கட்டில் புதுக் கயிறு. விசேஷ கேக் பெட்டிகளுக்கென்று வைத்திருக்கும் தங்க நிறக் கயிறு, அடுமனை முடிச்சு. அதன் மறுமுனை மேல்படுக்கையின் தலையணைமேல் கிடந்தது. கீழே குறட்டை இல்லை. விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சட்டைப்பையில் புது அறையின் அட்டை உறுத்த, கம்பளம் ஏணியில் கால் வைத்து ஏறினாள். கயிறு தேவைக்கு மேல் நீளமாக இருந்தது. சாவி அட்டையை வெளியே எடுத்து, மிச்சக் கயிற்றை அதன்மேல் ஒரு சுற்றும் பிசகாமல் சுற்றி, தலையணைக்கடியில் செருகிவிட்டு, நுனியை விரலில் மாட்டிக்கொண்டாள்.